ரசம் வரைக்கும் வந்தவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார் என் கணவர். சாப்பாட்டு விஷயத்தில் அது இன்னும் கொஞ்சம் முன்னால் நிற்கும்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த வேலையைக் குழந்தைக்காக விட்டுச் சில வருடம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். தேர்வுக் குழுவின் முன் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். தலைப்பு, பழைய கம்ப்யூட்டர்களில் ஸ்வாப்பிங். பழைய பதவியே கிடைக்குமா, இல்லை, நேற்றுப் படித்து முடித்தவர்களோடு அடியிலிருந்து தொடங்கச் சொல்வார்களா என்பதுதான் என் கவலை.

முந்தைய நாள் ராஜபாளையத்தில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பந்தியில் ரசத்துக்கு வரும்போது வெளியே மகள் அலறினாள். இலையை மூடாமல் ஓடினேன். மூடினால்தானே சாப்பிட்டு முடித்ததாக அர்த்தம்? அவளைத் தேற்றிவிட்டு வந்தால் என் இலையைக் காணோம். அந்த இடத்தில் யாரோ அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

பரிமாறியவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆளக் காணோமா, சாப்பிட்டு எந்திரிச்சிட்டீகன்னுல்ல நெனச்சேன்க்கா" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் ஓர் ஓரமாகப் புது இலை விரித்து, உப்பிலிருந்து ஆரம்பித்தார். ரசம் வரைக்கும் வந்தவளுக்கு மறுபடியும் உப்பா! தலையெழுத்தே என்று உட்கார்ந்தேன். பொரியல் விழும்போது சிரிப்பு வந்துவிட்டது. நாளைய வகுப்பு கிடைத்துவிட்டதே.

மறுநாள் அதையே சொன்னேன். அந்தக் காலத்துச் சில கம்ப்யூட்டர்களில் மெமரி என்பது ஒரே ஒருவர் உட்காரும் பந்தி. அடுத்த புரோகிராமின் முறை வந்தால், ஓடிக்கொண்டிருப்பதை அப்படியே தூக்கி டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தில் வைத்துவிடும். அந்த இடம்தான் ஸ்வாப். எதுவரை ஓடியது என்பதையும் சேர்த்தே வைக்கும். அதனால் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து, ரசத்திலிருந்து, ஓடும். புதிதாக ஏற்றுகிற புரோகிராமுக்குத்தான் உப்பிலிருந்து. நேற்றுப் பரிமாறியவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் என்றேன். குழுவில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் பயம் விட்டுப்போயிற்று.

குழுவில் இருந்த துறைத் தலைவர் அம்மா மட்டும் சிரிக்காமல் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இடையில் இத்தனை வருடம் வேலையில் இல்லையே, முதல் படியிலிருந்து சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அடக்கிக்கொண்டுதான் பேசினேன்.

"நான் முடிச்சிட்டுப் போகல மேடம். பிள்ளைக்காக எந்திரிச்சுப் போனேன். அம்புட்டுதான்."

அவர் அப்போதுதான் சிரித்தார். பிறகு, பழைய பதவியிலேயே திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.