தாலி கட்டியதை யார் பார்த்தது?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்குச் சாட்சி சொல்லப் போனேன். கல்யாணம் நடந்து எட்டு வருஷம் ஆகிறது!

குழம்ப வேண்டாம். செம்பாக்கத்தில் என் தையல் கடைக்கு எதிர்வீட்டுக்காரன் மனோகரன். மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான், சென்ட் பாட்டில் கொடுப்பான், போய்விடுவான். இந்த முறை கம்பெனியில் ஃபேமிலி விசா தருகிறார்களாம். மனைவி கஸ்தூரியையும் கூட்டிப் போகலாம். ஆனால் கல்யாணச் சான்றிதழ் வேண்டும். லீவு முடிவதற்குள் கிடைக்காவிட்டால் அவன் மட்டும்தான் விமானம் ஏற வேண்டும்.

"இன்னொரு தடவை ஏர்போர்ட் வாசல்ல நின்னு டாட்டா காட்ட என்னால முடியாதுண்ணா" என்றாள் கஸ்தூரி. "நீங்கதான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

கையெழுத்தா? ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு அது சின்ன வேலையா? துணியில் கோடு போடும் சாக்பீஸால் கட்டிங் டேபிளில் நாலைந்து முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

முன்பெல்லாம் யார் இந்தச் சான்றிதழைக் கேட்டார்கள்? ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது, அதுதான் பதிவு! இப்போது விசாவுக்குக் கேட்கிறார்கள், பாஸ்போர்ட்டுக்குக் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் கூடக்கூட, கொடுக்கிறவர்களும் உஷாராகிவிட்டார்கள். நாங்கள் போன அலுவலகத்தில் — எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன் — பத்திரிகையைக் காட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றுதான் இருந்ததாம். புதிதாக வந்திருந்த அதிகாரி வேறு ரகம். சாந்தமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். எதையும் நம்பவும் மாட்டார்.

மனோகரன் கல்யாண ஆல்பத்தை நீட்டினான். தாலி கட்டும் படத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேர் தலையிலயும் அட்சதை இருக்கே?"

"ஆமா சார்."

"தாலி கட்டின அப்புறம்தானே அட்சதை போடுவாங்க? இதுல இப்பத்தான் கட்டப் போறீங்க. அதுக்குள்ள எப்படி விழுந்துச்சு?"

மனோகரன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"சரி, சாட்சி யாரு? நீங்களா? தாலி கட்டினதை உங்க கண்ணால பாத்தீங்களா?"

கூச்சக்காரனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பொய்யைத் தேடி எடுப்பதற்குள் உண்மை வாயிலிருந்து விழுந்துவிடும். "இல்ல சார். டிபன் சாப்பிடற எடத்துல இருந்தேன். ஒருத்தர் நாற்காலிக்குப் பின்னாடி எடம் பிடிச்சு நின்னுகிட்டிருந்தேன்."

அடுத்த சாட்சி கஸ்தூரியின் பெரியப்பா. முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார்.

"நான் பாத்தேன் சார். பச்சை சட்டை. முதுகு பூரா வேர்வை."

"யாரு, மாப்பிள்ளையா?"

"போட்டோக்காரர் சார். அவர் முதுகைத்தான் பாத்தேன். அட்சதைகூட அவர் மேலதான் போட்டேன்."

யோசித்துப் பாருங்கள்... நம் கல்யாணங்களில் தாலி கட்டுவதை யார்தான் பார்க்கிறார்கள்? பாதிப் பேர் பந்தியில். மீதிப் பேர் செருப்பைத் தேடி வாசலில். மேடைக்கு எதிரே இருப்பவர்களுக்குத் தெரிவது ஒரு முதுகு. கெட்டிமேளச் சத்தம் கேட்டதும் கையிலுள்ள அரிசியைக் குத்துமதிப்பாக ஒரு பக்கம் வீசுகிறோம். 'கண்குளிரப் பார்த்தேன்' என்று வீட்டுக்கு வந்து சொல்கிறோம்.

அதிகாரி சாந்தமாகவே சொன்னார்: "அந்தப் பச்சை சட்டையைக் கூட்டிட்டு வாங்க."

மனோகரன் ஸ்கூட்டரில் பறந்து, தாம்பரம் ஸ்டூடியோவிலிருந்து போட்டோக்காரரை அள்ளிக்கொண்டு வந்தான். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"கெட்டிமேளம்னாங்க... கரெக்டா கேமரா பேட்டரி தீந்துடுச்சு சார். குனிஞ்சு மாத்திட்டு நிமிர்ந்தா கல்யாணம் முடிஞ்சு போச்சு. அதான் மாப்பிள்ளையை மறுபடி தாலியைக் கையில பிடிச்சு போஸ் குடுக்கச் சொன்னேன்."

அதிகாரி கஸ்தூரி பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயாவது பாத்தியா?"

"தலை குனிஞ்சிருந்தேன் சார். நிமிர்ந்தா திட்டுவாங்க."

"நீங்க?" என்றார் மனோகரனிடம்.

"நான் ஒரு முடிச்சுதான் சார் போட்டேன். மீதி ரெண்டும் பின்னாடி நின்னு எங்க அக்கா போட்டாங்க."

"அப்போ முழுசா பாத்தவங்க அவங்கதான். கூட்டிட்டு வாங்க."

கஸ்தூரியின் முகம் விழுந்தது. சிட்லபாக்கத்தில் இருக்கும் அந்த அக்கா சரோஜாவோடு இவர்களுக்கு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் கஸ்தூரி என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். சரோஜா அக்கா உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாடி, இப்பத்தான் நாத்தனார் ஞாபகம் வந்துச்சா? உங்க பத்திரிகையில என் பேருக்கு எடமில்ல. சர்க்கார் பேப்பர்ல மட்டும் எடம் கீதா?"

"தப்புதான் அண்ணி. நீங்க வரலைன்னா அவரு தனியாத்தான் போகணும்."

அக்கா உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டாரோ என்று நினைத்தேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்!

அலுவலகத்தில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார்.

"பாக்கறதா? முடிச்சு போட்டதே நான்தான் சார்! இவன் போட்டது ஒரு முடிச்சா? கை வெடவெடன்னு நடுங்கிகினு, நழுவற முடிச்சு. அத்த அவுத்துட்டு மூணையும் நானே—"

அதிகாரியின் பேனா நின்றது. "அப்போ மாப்பிள்ளை போட்ட முடிச்சு எதுவுமே இல்லையா?"

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். கஸ்தூரி ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அண்ணி..."

சரோஜா அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வருஷக் கணக்கை அந்த ஒரு பார்வையிலேயே தீர்த்த மாதிரி இருந்தது. பிறகு அதிகாரியிடம் திரும்பினார்.

"அவுக்கலாம்னு பாத்தேன் சார், வரல. என் தம்பி போட்ட முடிச்சாச்சே! அதும் மேலயே ரெண்டு போட்டேன்."

பேனா மறுபடி ஓடியது. கையெழுத்தானது. சீல் விழுந்தது. கஸ்தூரி, பொண்ணுபார்க்க வந்த அன்றுகூட அப்படி வெட்கப்பட்டிருக்க மாட்டாள்.

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அக்கா, நெஜமாவே அந்த முடிச்சு அவுரலையா?"

"நீ அப்போ எங்க இருந்த?"

"டிபன் எடத்துல..."

"அப்போ பொங்கல் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லு. முடிச்சைப் பத்திப் பேசாத."

சட்டப்படி மனோகரனுக்கும் கஸ்தூரிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பொங்கலில் முந்திரி கம்மி.