பக்கத்தின் அடியில் மேரியின் நம்பர்

படூரில் அலுவலகப் படியேறிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் 'மேரி' என்று வந்தது. "இன்னா மேரி, காலையிலேயே பேஜாரா?" என்று அவர் பேச்சை அவருக்கே திருப்பிப் பேசிக் கிண்டல் செய்தபடிதான் எடுத்தேன். அந்தப் பக்கம் பேசியது அவருடைய கணவர் சேகர். "மேரி நம்மள வுட்டுப் பூட்டாண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பதைக்கூடத் தொடாத பெண்.

புதுப்பட்டினம் அருள்மேரியை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். மாமல்லபுரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு அவர் போனில் கேட்ட குரல். எனக்கு அவர் உடன் வேலை செய்தவர். அந்த வேலையைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. மாமல்லபுரத்துச் சின்ன லாட்ஜுகள் ஆளில்லாமல் கிடந்தன. அவற்றுக்கு இணையம் வழியாக ஆள் கொண்டுவரலாம் என்று என் நண்பர் பிரபாகர் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். கல்பாக்கம் பக்கம் நிரந்தர வேலையில் இருந்த நான், வீட்டில் எல்லோரும் திட்டத் திட்ட அதை விட்டுவிட்டு வந்தேன். செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மேரி வந்தார். படூரில் ஒரு மாடி வீடு, யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான் கம்பெனி. டிசம்பர் சீசனுக்குள் வெப்சைட் ஓடவில்லை என்றால் லாட்ஜ்காரர்கள் கைவிட்டுவிடுவார்கள், கடையைச் சாத்த வேண்டியதுதான். எனக்குத் திரும்பிப் போக வேலையும் கிடையாது.

நான் சுவர் முழுக்கப் படம் வரைந்தேன். உறுப்பினர் பதிவு, டேட்டாபேஸ், பணம் கட்டும் வசதி, தங்கிப் போனவர்கள் லாட்ஜுக்கு மதிப்பெண் போடும் வசதி. மேரி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "இன்னாப்பா, கல்யாண மண்டபம் கட்றியா? வர்றவங்களுக்கு ஒரு ரூம்தான வேணும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் ஒரே ஒரு பக்கம் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டார். லாட்ஜ்களின் பெயர், அவரே போய் எடுத்த போட்டோக்கள், தேதி, ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் மேரிக்கு ஒரு மெயில் வரும். அவர் லாட்ஜுக்குப் போன் போட்டு ரூம் இருக்கிறதா என்று கேட்டுப் பதில் எழுதுவார். உள்ளே வேறொன்றும் இல்லை.

"இதுக்குப் பேரு அப்ளிகேஷனா?" என்றேன்.

"இப்போதிக்கு நான்தான்பா அப்ளிகேஷன். நான் பண்றதுல எது போரடிக்குதோ அத்த மட்டும் கோட் எழுதிக்கலாம்."

அப்படித்தான் செய்தார். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அடித்துச் சலித்தபோது அதற்கு ஒரு நிரல் எழுதினார். தேதிகளைச் சரிபார்த்துச் சலித்தபோது அதற்கு ஒன்று. எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளில். சலிக்காத வேலைக்கு அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. சர்வரும் வாடகைக்கு எடுத்ததுதான். "எங்கப்பா அடுத்தவங்க கழனியில நட்டாரு, நான் அடுத்தவங்க சர்வர்ல நட்டுகினு கீறேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

பட்டனுக்கு மேலே, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஒரு கட்டம் வைத்திருந்தார். அதில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். கடல் எப்படி இருக்கிறது? வரலாமா? இதற்குப் போய் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று, 'கடற்கரை பாதுகாப்பாக உள்ளது' என்ற பதில் தானாகவே போகும்படி நான் எழுதி வைத்தேன். மேரி அதைப் பார்த்த நிமிடமே எடுத்துவிட்டார். "நீ பாத்தியா? பாக்காம எப்டி சொல்றே?" அன்றுமுதல் லாட்ஜுக்குப் போன் போடும்போதெல்லாம் யாரையாவது கரைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுவார். பிறகு பதில் எழுதுவார்: 'இன்று அலை கொஞ்சம் அதிகம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். மணலில் உட்காரலாம், வாங்க.' பயமுறுத்துவது போல இருக்கிறதே என்று பிரபாகர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஆட்கள் வந்தார்கள்.

வந்ததும் எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. பணம் போட ஒருவர் தயாராக இருந்தார். ஆள் இல்லாமலே இயங்குகிற வெப்சைட்தான் அவருக்கு வேண்டும். லாட்ஜ்காரர்களே காலி ரூமைக் குறித்துக்கொள்வதற்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தோம், இடையில் மேரி தேவையில்லை என்றாயிற்று. அடுத்த சனிக்கிழமையே பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, பெட்டியோடு, கன்னியப்பனின் லாட்ஜ் வாசலில் நின்றது. எங்கள் வெப்சைட் ரூம் காலி என்று சொல்லியிருந்தது. அந்த ரூமையோ பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தவர்களுக்கு அவர் கொடுத்துவிட்டார். அவர் பேரில் என்ன தப்பு? "ஆளு வந்து நிக்கும்போது சாவி குடுப்பனா, கம்ப்யூட்டர் பொட்டியத் தட்டிகினு இருப்பனா?" என்றார்.

நானும் மேரியும் ஓடினோம். ஊரில் ஒரு ரூமும் இல்லை. மேரி யாரோடும் வாதாடவில்லை. சின்னப் பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "எங்க வூட்டுக்கு வாங்க, சின்ன வூடுதான், மீன் கொயம்பு கீது" என்றார். சேகரின் ஆட்டோவில் புதுப்பட்டினம் போனார்கள். மறுநாள் நாஸ்தா முடித்து, வேறு லாட்ஜில் அவர்களை விட்டுவிட்டுத்தான் அவர் அலுவலகம் வந்தார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் அனுப்பினால் போதாதா, எதற்கு இவ்வளவு என்றார் பிரபாகர். மேரி குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருமுறைதான். "அவங்க மெயில்லயா நின்னுகினு இருந்தாங்க? வாசல்ல நின்னாங்க!" சொல்லிவிட்டு உட்கார்ந்து, பட்டனைப் பழையபடி தன்னிடமே வரும்படி மாற்றினார். பக்கத்தின் அடியில் தன் சொந்த மொபைல் நம்பரைப் போட்டார். 'எது சரியில்லை என்றாலும் மேரியைக் கூப்பிடுங்கள்.' பெட்டிக்கடை போர்டு மாதிரி இருக்கிறது என்றார் பிரபாகர். பணம் போட வந்தவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும், திரும்ப வரவில்லை. ஆனால் அந்த சீசனில் ஒருவர்கூட வாசலில் நிற்கவில்லை. லாட்ஜ்களில் விளக்கு எரிந்தது. கன்னியப்பன் எங்கள் மூவருக்கும் ஒரு கூடை இறால் அனுப்பி வைத்தார். அதைச் சுத்தம் செய்யத் தெரியாமல் நானும் பிரபாகரும் திண்டாடியதை மேரி வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன, நாங்கள் மூடினோம். பிரபாகர் வெளிநாடு போனார். நான் படூரிலேயே வேறு வேலைக்குப் போனேன், மேரி ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபுக்கு. அந்த நம்பரை மட்டும் அவர் மாற்றவில்லை. ஓடுகிற பஸ்ஸிலும் யாருக்காவது ரூம் பேசிக்கொண்டிருப்பார். "கம்பெனியே இல்லை, எதுக்கு எடுக்கறீங்க?" என்று கடிந்துகொண்டேன். "அது அவங்களுக்குத் தெரியாதேப்பா" என்றார். அவ்வளவுதான் பதில்.

அடக்கம் முடிந்து, அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த பந்தலில் உட்கார்ந்திருந்தோம். சேகரின் சட்டைப் பையில் மேரியின் போன் அடித்தது. அவர் அதைப் பார்த்தார். எடுக்கத் தைரியமில்லாமல் என்னிடம் நீட்டினார்.

ஒரு பெண் பேசினார். தோழி ஒருத்தி இந்த நம்பரைக் கொடுத்தாளாம். பிள்ளைகளோடு மாமல்லபுரம் வர வேண்டும், ரூம் கிடைக்குமா? கடல் எப்படி இருக்கிறது?

நல்லாத்தான் இருக்கு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே நிறுத்தினேன். "கொஞ்சம் இருங்கம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்து, மீனவர் தெரு வழியாகக் கரைக்கு நடந்தேன். மாமல்லபுரத்துக்கும் இதே கடல்தான். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்விக்காக நான் கடலைப் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"அலை கொஞ்சம் அதிகம்மா. பிள்ளைகளை இறக்க வேண்டாம். மணலில் உட்காரலாம், வாங்க. ரூமுக்கு நான் சொல்லிவைக்கிறேன்."

"சரிங்க. மேரி மேடம் இல்லையா?"

"அவங்க நம்பர்தாம்மா இது. இனிமே நான் எடுப்பேன்."