முதுகு திறந்த கிதார்

"உங்காத்துல பேனா பிடிச்ச மொத கை உன்னோடதுதானேடீ? அதுக்குள்ள மரத்தோட வயித்தையே வாசிக்கக் கிளம்பிட்டியா?"

ஸ்ரீரங்கத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி இதைச் சொன்னபோது நான் அவர் வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. என் கையில் பழைய வேட்டியில் சுற்றிய கிதார் இருந்தது. அதன் முதுகுப் பலகை ஒரு பக்கம் பெயர்ந்து வாயைப் பிளந்திருந்தது. மாமியிடம் படிக்கும் பெண்கள் இருவர் உள்ளேயிருந்து சிரித்தார்கள். ஒருத்தி கல்லூரியில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவள். யாரோ தெரியாத ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பது போலத்தான் சிரித்தாள்.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு எதிரே ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம், எங்கள் பேச்சில் சட்டைக்காரர்கள், இருந்தது. வீட்டுக்காரர் இன்ஜின் டிரைவர். அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது அந்த அம்மா இந்தக் கிதாரை எனக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி நகங்களைப் பார்த்தார். போய்க் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். பிறகுதான் கொடுத்தார். "உன்கிட்டே இருந்தா உடைக்க மாட்டே. வாசிக்கவும் மாட்டே. பரவாயில்லை" என்றார். அவருடைய முதல் கணிப்பு மட்டும் சரி. எதிர் வீட்டு ஜன்னலில் அவர் விரல் வைக்கும் இடங்களை நான் மூன்று வருடங்களாகப் பார்த்திருந்தேன். அவர்கள் சாமான் ஏற்றிய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அது என்ன கிதார் என்று தெரிந்துகொள்ளத்தான் வெகுநாள் ஆனது. தலைப்பகுதியில் இருந்த பெயர் தேய்ந்து போயிருந்தது. பெரிய கடைவீதியில் ஹார்மோனியம் விற்கிற கடைக்குக் கொண்டுபோனேன். முதலாளி அதைத் தூக்கிப் பார்த்து, "பெருசும் இல்ல, சிறுசும் இல்ல. வளந்தும் வளராத பொண்ணு மாதிரி இருக்கு. போஸ்ட்ல வரவழைக்கிற மலிவுச் சரக்கும்மா" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

கல்லூரி நூலகத்தில் அடித்தட்டில் தடிமனான ஓர் ஆங்கில இசைப் புத்தகம் இருந்தது. நூலகப் பொறுப்பாளர் அதை எடுத்துத் தரும்போதெல்லாம், "படம் பாக்கவா?" என்று கேட்பார். படமும் பார்த்தேன். கிதார்களில் மூன்று உருவங்கள் உண்டு என்று அதில் போட்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கிற சிறியது, கூட்டத்துக்கு நடுவே முழங்குகிற பெரியது, இரண்டுக்கும் இடைப்பட்டது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துவந்து அளந்தேன். என்னுடையது இடைப்பட்டது. இடுப்பு ஒடுங்கி, கீழே அளவாக அகன்றிருந்தது. பெரியதில் அடித்தந்தி மற்ற தந்திகளை அமுக்கிவிடுமாம், சிறியதில் அடித்தந்திக்குக் குரலே இராதாம். இடைப்பட்டதில் ஆறு தந்திகளும் ஒன்றையொன்று மதித்துப் பேசும் என்று எழுதியிருந்தது. அதை நான் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டிருந்தேன். அப்பா வேலை பார்க்கும் ரயில்வே ஒர்க்ஷாப்பின் சங்கு ஊதி ஓய்ந்ததும் மேல்தந்தியை மீட்டினால், ஓசை என் மடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழுந்து போகும். எங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிருக்கும்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. இதே உருவத்தில் மலிவான கிதாரும் உண்டு, கைதேர்ந்த பட்டறையில் செய்ததும் உண்டு. வெளியே இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மேல்பலகையின் அடியில் சட்டங்கள் ஏணிப்படி போல வரிசையாக ஒட்டியிருந்தால் மலிவு. பெருக்கல் குறி போலக் குறுக்கே வெட்டிக்கொண்டால் உயர்வு. நடுத்துளை வழியே கையை விட்டுத் தடவினால் ஒரே ஒரு சட்டம்தான் விரலுக்கு எட்டியது. அது இரண்டு வகைக்கும் பொதுவானது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வையம்பட்டியிலிருந்து வந்தார்கள். அன்றைக்கு ஒர்க்ஷாப்பைச் சுற்றிப் பார்க்கக் குடும்பங்களை உள்ளே விடுவார்கள், அதற்காக வருடா வருடம் வருவார்கள். பூஜைக்கு முன் வீட்டில் உள்ள ஆயுதம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்பாவின் சுத்தியல், ஸ்பேனர், சைக்கிள், அரிவாள்மனை எல்லாம் குழாயடிக்கு வந்துவிடும்.

நான் பொரி கடலை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கிதார் எங்கள் தகரக் கூரை மேல் வெயிலில் கிடந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

"சட்டைக்காரி மடில கெடந்த சாமான். என்னென்ன தின்ன கையோ. சாமி முன்னால அப்படியேவா வைக்கறது?" என்றாள் பெரியம்மா. "சீயக்கா போட்டுத் தேங்கா நாரால தேச்சிருக்கேன். உள்ளயும் ரெண்டு சொம்பு ஊத்திக் குலுக்கிட்டேன். இப்பப் பாரு, பளிச்சுனு இருக்கு."

அவள் தெரியாமல் செய்ததாக அம்மா இன்றும் சொல்கிறாள். நான் என் பாடப் புத்தகங்களையும் பூஜைக்கு எடுத்து வைத்திருந்தேன், பெரியம்மா அவற்றை மட்டும் கழுவவில்லை.

மத்தியானம் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே கிதாரைச் சுவரில் சாய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அப்பா கற்பூரம் காட்டும்போது பட்டென்று ஒரு சத்தம். முதுகுப் பலகை பசை விட்டு ஒரு பக்கம் பெயர்ந்தது.

முதலில் சிரித்தவர் பெரியப்பா. "ஏம்மா காலேஜு, உங்க பெரியம்மா கல்யாணம் ஆன நாள்லேருந்து தவலை தேய்க்கறா. ஒண்ணாவது வாயைப் பொளந்திருக்கா? உன் பொட்டி ரெண்டு சொம்புத் தண்ணிக்குத் தாங்கலியே!"

அடுத்து அப்பா சிரித்தார். அண்ணன் சிரித்தால் அவரும் சிரிப்பார். கையில் கற்பூரத் தட்டு ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

"பூஜை எடுத்ததும் வெந்நீர் அடுப்புல போட்டுடு. காஞ்ச மரம், புகையாது" என்றார் பெரியப்பா. அப்பா தலையாட்டினார்.

ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. பெரியப்பா அதில் கறாரானவர். தொடக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு, பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பினார்கள், நான் போகவில்லை. அப்பாவின் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து அந்தப் பிளவு வழியாகப் பார்த்தேன்.

இரண்டு சட்டங்கள். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு, பெருக்கல் குறியாக. ஓரங்களை நோக்கிப் போகப் போக யாரோ உளியால் சீவிச் சீவி மெலிதாக்கியிருந்தார்கள். ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவ்வளவு சுத்தமான வேலை. கழுத்து சேரும் கட்டையில் பட்டறையின் வரிசை எண்கள் பதிந்திருந்தன. பெரியம்மாவின் இரண்டு சொம்பு இல்லாவிட்டால் இதை நான் ஆயுளுக்கும் பார்த்திருக்க முடியாது. அதற்காக அவளுக்கு நன்றி சொல்லும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஒர்க்ஷாப்பிலிருந்து திரும்பி வந்த பெரியம்மா வாசலிலேயே, "என்னடி, செத்த மாட்டு வயித்தைப் பாக்கற மாதிரி பாக்கற?" என்றாள்.

"மாடு இல்ல பெரியம்மா. இந்த வீட்ல நல்ல எடத்துல பொறந்தது இது ஒண்ணுதான்."

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மறுநாள் பூஜை எடுத்த கையோடு கிதாரை வேட்டியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். தண்ணீர் பட்டுத் திறந்திருக்கிறது என்றால் பலகையை ஒட்டியிருந்தது தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை. சூடான வஜ்ஜிரம் வைத்தால் மறுபடி ஒட்டும். இதுவும் புத்தகத்தில் இருந்தது. எவ்வளவு சூடு என்பது இல்லை. வீணைக்காரர்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் ஸ்ரீரங்கம் போனேன்.

மாமி படியில் நின்றபடியே குனிந்து, மேல்பலகையைச் சுண்டுவிரல் முட்டியால் ஒருமுறை தட்டினார். முதுகு பெயர்ந்த நிலையிலும் அது மணியாகப் பதில் சொன்னது. அவர் முகம் ஒரு கணம் மாறியது. நான் அதைப் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பேனா பிடித்த கையைப் பற்றிச் சொன்னார்.

"வஜ்ஜிரத்தை எவ்வளவு சூடு பண்ணணும் மாமி?"

"தோலைக் காய்ச்சிப் பண்றதுடீ அது! இந்த ஆத்து வாசல்ல அந்தப் பேச்சே எடுக்காதே. தூக்கிண்டு போ."

முன் பெஞ்சுக்காரி மறுபடி சிரித்தாள். அவளை மட்டும் நான் பேர் சொல்லி அழைத்து, நாளைக்கு வகுப்பில் பார்க்கலாம் என்றேன். மாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

பாலக்கரையில் தச்சுச் சாமான் கடையில் வஜ்ஜிரம் வாங்கிவந்து சாயங்காலமே ஒரு டப்பாவில் ஊறப்போட்டேன். "நாளைக் காலைல அது அடுப்புல இருக்கணும்" என்று பெரியப்பா மறுபடி ஞாபகப்படுத்தினார். சரி என்றேன்.

காலையில் எனக்கு முன்னால் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுப்பை மூட்டி, பெரியப்பா குளிப்பதற்கு வைத்திருந்த வெந்நீர்த் தவலைக்குள்ளேயே டப்பாவை இறக்கினேன். கொதிக்கவும் விடாமல் ஆறவும் விடாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நாற்றம் வீடு முழுக்க ஏறியது. பெரியப்பா துண்டோடு வந்து, தவலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் குளிக்கக் குழாயடிக்குப் போனார்.

அதற்குள் முதுகுப் பலகை தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. இறுக்கிக் கட்ட நல்ல ரப்பர் வேண்டியிருந்தது. அப்பா தினமும் ஒர்க்ஷாப்புக்குப் போகிற சைக்கிளின் முன்சக்கரத்து ட்யூபைக் கழற்றி, நீள நீளமாக வெட்டி, கிதாரைச் சுற்றிக் கட்டி முடித்திருந்தேன். ஷிஃப்டுக்கு முதல் சங்கு ஊதியது. அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.