மிரிகா வீட்டு விருந்தாளி

மிரிகாவின் வாய்க்குப் பயந்து அந்தப் பள்ளத்தாக்கில் நாய்கூட அவள் வேலிப் படலைப் பக்கம் குரைக்காது. ஆனால் ஒருவன் கதவைத் தட்டி, "விருந்தாளியை ஏத்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டால், பகையாளியானாலும் அவனுக்கு ரொட்டியும் உப்பும் உண்டு. அல்பேனிய மலைச் சட்டம் அது. ஊர் எல்லை தாண்டும்வரை அவன்மேல் ஒரு அடி விழுந்தாலும் மானம் போவது அவளுக்கு.

அன்று மழையில் நனைந்து வந்து அப்படிக் கேட்டவன் ஆர்தன். ஊரின் ஒரே ஓடையைக் குழாய்க்குள் அடைத்து மின்சாரம் எடுக்கப்போகும் கம்பெனியின் ஆள். 'எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி' என்று வீட்டுக்கு வீடு புளுகி ஆறு கையெழுத்து வாங்கிவிட்டான், படுபாவி! மிச்சம் மிரிகாவுடையது. அந்த ஓடை போனால் அவள் சோளக்கொல்லைக்குத் தண்ணீர் ஏது?

"வந்து தொலை. காலைத் துடைச்சிட்டு வா," என்றாள்.

நல்ல பாலாடைக்கட்டியாகப் பார்த்து வெட்டி வைத்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவன் மென்றுகொண்டே தாளை நீட்டினான்.

"சாப்பிடுற எடத்துல அதை எடுக்காதே. முழுங்கு."

அதற்குள் புளுகு வெளிப்பட்டு, ஏமாந்த ஆறு வீட்டு ஆண்களும் தடியோடு படலைக்கு வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் அவள் கொழுந்தன் மராஷ்.

"அண்ணி, அவனை வெளிய அனுப்புங்க. நாலு சாத்து சாத்துறோம்."

"என் ரொட்டி அவன் வயித்துல கெடக்குடா. தொட்டுப் பாரு, உன் கையை ஒடைச்சு அடுப்புல வெக்கிறேன்!"

உள்ளே இதைக் கேட்ட ஆர்தன், கிழவி மடங்கிவிட்டாள் என்று கணக்குப் போட்டான். நகரத்துப் புத்தி.

விடிந்ததும் முறைப்படி அவள் முன்னே நடந்து அவனை மரப்பாலம்வரை கூட்டிப்போனாள். அங்கே அவன் பேனாவை நீட்டினான். "அக்கா, இவ்வளவு பாசமா கவனிச்சீங்க. ஒரே ஒரு கையெழுத்து?"

"பாசமா? உன் மூஞ்சியப் பார்த்தாலே வயிறு எரியுது. ஊர் எல்லை இதோட முடிஞ்சுது. இனி நீ என் விருந்தாளி இல்ல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பாலத்துக்கு அப்பால் மராஷும் மற்ற ஐந்து பேரும் தடியோடு நின்றார்கள். அவனுடைய ஜீப் இன்னும் ஒரு மைலில்.

"அக்கா, ஜீப் வரைக்கும் வாங்களேன். உங்க கால்ல விழறேன்."

"தாளைக் கிழி. வர்றேன். நான் முன்னால நடக்கிறவரைக்கும் உன்மேல அடி விழாது."

தடிகளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். ஆறு கையெழுத்தோடும் சேர்த்துக் கிழித்து, துண்டுகளை ஓடையில் எறியக் கையை ஓங்கினான்.

"எங்க தண்ணியில போடாதே! பையில வெச்சுக்க."

அவள் முன்னே நடந்தாள். ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார்கள். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் ஆர்தனுக்கு வீரம் வந்தது.

"கம்பெனி வேற தாள் அடிக்கும். நான் திரும்ப வருவேன், பாத்துக்க."

"தாராளமா வா," என்றாள் மிரிகா. "ரொட்டி உண்டு, படுக்கை உண்டு. ஆனா அடுத்த தடவை நான் பாலத்தோட நின்னுக்குவேன்."