எட்டுச் சீருக்கு ஒரு மூச்சு

உடுமலைக்குத் தெற்கே உள்ள அந்த மலையுச்சியை ஒருமுறையேனும் நேரில் தொழ வேண்டும் என்ற ஆசை எழுபது வயதில்தான் எனக்கு வந்தது. ஒரே பகலில் ஏறி இறங்க வேண்டும். நல்லூரில் பனியன் கம்பெனி ஒன்றில், தைத்து வரும் பீஸ்களின் அளவு சரிபார்க்கும் செக்கிங் வேலையில் இருக்கும் என் மருமகள் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள்.

மலையூர்க்காரரான வழிகாட்டி அடிவாரத்திலேயே தம் விதியைச் சொல்லிவிட்டார்.

"பாதி மலையில ஒரு சுனை இருக்குதுங்க சாமி. அங்க வந்தும் மூச்சு அடங்கலீன்னா அதோட எறங்கிக்கோணுமுங்க. அதுக்கு மேல செங்குத்துப் பாறை."

என் மூச்சில் குறையில்லை என்று காட்டுவதற்காகவே பாடிக்கொண்டு ஏறினேன். இளமை முதல் நெஞ்சில் ஊறிய பதிகங்களுள் ஓரடிக்கு எட்டுச் சீர் கொண்டவற்றையே தேர்ந்தெடுத்தேன். வழிகாட்டி தலையசைத்தபடி முன்னே நடந்தார். புல்மேட்டில் எட்டுச் சீரும் ஒரு மூச்சில் அடங்கவில்லை. ஆறு சீருக்கு மாறினேன், பிறகு நான்கு. சுனை கண்ணில் பட்டபோது, அடிக்கு மூன்றே சீர் கொண்ட சிறு பதிகம் ஒன்றுக்கு வந்திருந்தேன். எப்படிப் பாடினாலும் இறைவன் ஏற்பான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

வழிகாட்டி திரும்பினார். "ஏனுங்க சாமி, கீழ நீள நீளமாப் பாடுனீங்க. இப்பத் துண்டு துண்டா வருதுங்களே?"

"அது வேற பதிகமுங்க."

மருமகள் சிரித்துவிட்டாள். "ஏனுங்க மாமா, அளவு கொறஞ்ச பீஸை வேற சைஸுன்னு சொல்லிப் பாஸ் பண்ணப் பாக்கறீங்களா?"

நாணிப்போனேன். வழிகாட்டி பதிகம் அறியாதவர்தானே என்று எண்ணி, இறைவனைப் பாடும் பாட்டைக் கொண்டே அவரை ஏய்க்கப் பார்த்திருக்கிறேன்.

"புல்மேட்டுலயே மூச்சு வாங்கிருச்சுங்க" என்று ஒப்புக்கொண்டு, கீழே இறங்கத் தடியை எடுத்தேன்.

அவர் விடவில்லை. "பாட்டுதானுங்க மூச்சத் தின்னுருக்குது. காலு நல்லாத்தான் இருக்குது. அரை மணி நேரம் உக்காருங்க. மூச்சு அடங்குச்சுன்னா கூட்டிட்டுப் போறனுங்க. ஆனா வாயத் தொறக்கப்படாது. முடியலீன்னா கையைத் தூக்குங்க, மறைக்காதீங்க."

உட்கார்ந்தேன், மூச்சு அடங்கியது.

எந்தச் சந்நிதிக்கும் நான் பாடாமல் போனதில்லை. அன்று பாறையில் கை ஊன்றி ஏறுகையில் பாடல்கள் நாநுனி வரை வந்து வந்து நின்றன. இரண்டு முறை கையைத் தூக்கினேன்; இரண்டு முறையும் அவர் காத்து நின்றார். காற்றின் ஓசையும், பின்னால் வரும் மருமகளின் மூச்சும், "இங்க கால் வைங்க" என்ற அவர் குரலும் மட்டுமே கேட்டன.

உச்சியில் கூரையற்ற ஒரு கற்பீடம் இருந்தது. கைகூப்பினேன்.

"இனிப் பாடிக்கலாமுங்க சாமி" என்றார் அவர்.

பொறுக்கும்படி சைகை செய்தேன். எனக்கு இன்னும் சிறிது நேரம் அந்தக் காற்றைக் கேட்க வேண்டியிருந்தது.