லாரி விரால்

தென்காசிச் சந்தையில் அந்தக் காலத்தில் விரால் மீனுக்கு இரண்டு விலை உண்டு. சாதாரண விரால் ஒரு விலை, லாரி விரால் அதற்கு மேலே ஒரு விலை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பங்களாக்களில் வந்து தங்குகிறவர்களின் சமையல்காரர்கள் காலையிலேயே வந்து, "லாரி விராலா? நெசமாத்தானா?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். முழங்கை நீளத்துக்கு, முதுகு கறுத்து, வயிறு கொழுத்துக் கிடக்கும். அது எந்த லாரி என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். என் வீட்டுக்காரர் ஓட்டிய லாரி அது.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். செங்கோட்டைப் பக்கம் மரம் ஏற்றிக்கொண்டு தென்காசி வழியாகக் கீழப்பாவூருக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு பெரிய குளம். அதன் கரைதான் ரோடு. குளத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்தத் தண்ணீரில் ஜனங்கள் குளிக்கிறார்கள், நான் ஏன் அவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும்? நாள்கணக்காகப் பெய்த மழையில் கரை ஊறிப் போயிருந்தது. மடைக்குப் பக்கத்தில் ரோடு சரிந்து, லாரி மரத்தோடு குளத்துக்குள் உருண்டது. மடைக்கு முன்னால்தான் குளத்திலேயே ஆழமான இடம். கசம் என்போம். கோடையிலும் அங்கே தண்ணீர் வற்றாது.

கிளீனர் நீந்திக் கரையேறிவிட்டான். "டிரைவர் அண்ணாச்சி எனக்கு முன்னாடியே குதிச்சிட்டாக" என்று அழுதுகொண்டே சொன்னான். பயத்தில் சொன்னானா, தான் மட்டும் தப்பி வந்த வெட்கத்தில் சொன்னானா தெரியாது. அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டை நாலு வருஷம் ஆட்டிவைத்தது.

லாரி முதலாளி ஆட்களை அனுப்பினார். அவர்கள் மூழ்கி மூழ்கிக் கயிறு கட்டி, உருண்டு கிடந்த மரங்களை ஒவ்வொன்றாகக் கரைசேர்த்தார்கள். லாரி டிரைவர் பக்கமாகச் சாய்ந்து சகதியில் புதைந்திருக்கிறது, மேலே தெரிந்த கதவு வழியாகக் கையை விட்டுத் துழாவினோம், ஆள் இல்லை என்று சொன்னார்கள். மரத்தைத் தேடிய அளவுக்கு மனுஷனைத் தேடவில்லை. லாரியை இழுத்தால் கரை உடையும் என்று ஊர்க்காரர்கள் தடுத்தார்கள். பழைய லாரிதானே, முதலாளியும் கைகழுவிவிட்டார்.

பிணம் மிதக்கவில்லை. அதனால் அவர் சாகவில்லை என்று ஆயிற்று. வண்டியைக் கவிழ்த்த பயத்தில் மலை தாண்டி மலையாளத்துப் பக்கம் ஓடிவிட்டார் என்றார்கள். புனலூரில் பார்த்தேன் என்றார் ஒருவர். கொல்லத்தில் வேறு லாரி ஓட்டுகிறார் என்றார் இன்னொருவர். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்துதான் கருமாதி செய்வது வழக்கம். அதுவரை நான் பூவும் பொட்டும் வைத்துக்கொண்டு வாழாவெட்டியாக இருக்கவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனுஷனை நான் திட்டவேண்டுமா, அவருக்காக அழவேண்டுமா? தினமும் கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கும்போது, இது யாருக்காக என்று ஆத்திரமாக வரும். ஆத்திரப்பட்ட மறுநிமிஷம், அந்தச் சகதிக்குள் கிடக்கிறாரோ என்று, பொட்டை அழிக்கப்போன கை நின்றுவிடும். திட்டி முடிக்கவும் முடியாது, அழத் தொடங்கவும் முடியாது.

என் மாமியாருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்துக்குப் போயிருந்தபோது, அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், "மகனுக்கும் சேத்து ரெண்டு எள்ளு எறச்சிரலாமே மதினி" என்று மெதுவாகச் சொன்னார். அத்தை போட்ட சத்தத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்குள் லாரியில் மீன் அடைய ஆரம்பித்துவிட்டது. குளத்தை மீனுக்குக் குத்தகை எடுத்திருந்தவர் முதலில் முதலாளியைச் சபித்தார். அவர் வலை அந்த இரும்பில் சிக்கிக் கிழியும். வலை போட முடியாத இடம் என்று ஆனதும் மீனுக்கு அது கோட்டையாகிவிட்டது. ஒதுங்க நிழல், ஒட்டிக்கொள்ளப் பாசி, பாசியைத் தின்ன நத்தை, சின்ன மீன். சின்ன மீனைத் தின்னப் பெரிய விரால் வந்து குடியேறியது. குத்தகைக்காரர் பிறகு லாரியைச் சுற்றி உடைமுள்ளை வெட்டிப் போட்டு, திருட்டு வலை விழாமல் காவல் காத்தார். லாரியை எடுக்கப் போகிறார்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார். தூண்டிலில் மட்டும் பிடிப்பார்.

அந்த மீன் முதன்முதலாகச் சந்தைக்கு வந்த அன்று எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர், "என்னத்தத் தின்னு இப்படி வளந்துச்சோ" என்று பேசிக்கொண்டது அத்தை காதில் விழுந்துவிட்டது. அவள் இருந்ததிலேயே பெரிய விராலை வாங்கி, கூடையில்கூடப் போடாமல் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெரு நடுவே நடந்து வந்தாள். குழம்பு வைத்தாள். வாசற்கதவைத் திறந்து போட்டு, தெருவுக்குத் தெரியும்படி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"எம் பிள்ள அதுக்குள்ள இல்ல. இல்லங்குததுக்குத்தான் திங்கேன். நீயும் தின்னுட்டி."

நான் தயங்கினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்னமாட்டேன் என்றால் அவர் செத்துவிட்டார் என்று சொன்னதாக அர்த்தம். புருஷன் சாகவேண்டும் என்று நினைக்கிற பெண் என்று ஆகிவிடும். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்குக் கோயில் எப்படியோ, சந்தை நாளுக்கு லாரி விரால் எங்கள் வீட்டில் அப்படி. கையில் காசில்லாவிட்டால் மோருக்கு வைத்திருந்த பாலை விற்று வாங்குவாள். தெருவில் மற்றவர்கள் கூச்சப்பட்டு அந்த மீனைத் தொடாமல் இருந்தார்கள். பெற்றவளே தின்கிறாளே என்று அவர்களும் தொடங்கினார்கள்.

நாலாம் வருஷம் பங்குனியில் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார். புனலூரில் ஒரு சாயாக்கடையில் உங்கள் பிள்ளையைப் பார்த்தேன், கூட ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் இருந்தார்கள் என்று. நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அரைஞாண் கெடந்துச்சா இடுப்புல?"

எங்கள் கல்யாணத்தில் என் அப்பா போட்ட வெள்ளி அரைஞாண் அது. ஒரு தடவை அறுந்து, செம்பு கலந்து ஒட்டுப்போட்டது. ஒட்டின இடம் சிவந்து தெரியும். ஆண்பிள்ளை உயிரோடு இருக்கும்வரை அரைஞாணைக் கழற்றமாட்டான். வந்தவர், "சட்டைக்குள்ள எனக்கு எப்படி ஆச்சி தெரியும்?" என்றார்.

இடுப்பில் இல்லை என்று அவர் சொல்லவில்லையே, அத்தைக்கு அது போதும். முகமெல்லாம் சிரிப்பு. அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் போனபிறகு என்னிடம், "பாத்தியாட்டி, உசுரோட இருக்காம்லா" என்றாள்.

"கூட ஒருத்தி இருக்காளாமே, அது காதுல விழலியா உங்களுக்கு?"

"ஆம்பள அப்படி இப்படித்தான் இருப்பான். வருவான்."

சுளகைத் தூக்கி எறிந்துவிட்டேன். அரிசி வீடு முழுக்கச் சிதறியது. அவளுக்குப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், யாரோடு இருந்தாலும் சரி. எனக்கு அப்படியா? அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், நானே இறங்கிப் பார்த்துவிடுவது என்று.

எனக்குத் தண்ணீர் புதிதில்லை. வாசுதேவநல்லூரில் என் பிறந்த வீட்டுப் பக்கம் யார் வீட்டுக் கிணற்றில் செம்போ குடமோ விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தரையைத் தடவி எடுத்துவந்துவிடுவேன். கிணற்றில் விழுந்ததை எடுக்கிற கொக்கி மாதிரி, பாதாளக்கரண்டி என்று எனக்குப் பட்டப்பெயர். வயதுக்கு வந்ததும் அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். பெயர் மட்டும் நிற்கவில்லை.

சித்திரையில் தண்ணீர் இறங்கித் தெளிந்திருந்த சமயத்தில் என் அண்ணனை வரவழைத்தேன். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில், "நீ எறங்காட்டியும் நான் எறங்குவேன், கயிற்றப் பிடிக்கவாவது வா" என்றேன். சேலை முள்ளில் மாட்டும் என்று அவருடைய காக்கி நிஜாரையும் சட்டையையும் போட்டுக்கொண்டேன். பெட்டியில் மடித்து வைத்திருந்தவை. தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

அத்தையும் வந்தாள், கையில் ஓலைக்கூடையோடு. "எறங்கிப் பாத்துக்கோ. ஒண்ணும் இருக்காது. அப்புறமாவது ஒழுங்கா இரு" என்று கரையில் உட்கார்ந்தாள். குத்தகைக்காரரிடம் அன்றைக்கு மீன் இருக்கிறதா என்று கேட்டு, உயிரோடு ஒரு விராலை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

குத்தகைக்காரருக்கு வேறு கவலை. "தாயி, இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. கலைச்சு விட்டுராதீய" என்று கெஞ்சினார். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு. வாழைமரத் தெப்பத்தில் எங்களை ஏற்றி, முள் இல்லாத பக்கமாகக் கொண்டுபோய் விட்டார்.

இடுப்பில் கயிற்றைக் கட்டி, கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். மேலே வெதுவெதுப்பு, கீழே போகப்போகக் குளிர். பச்சை வெளிச்சத்தில் முதலில் சக்கரம் தெரிந்தது. அதன்மேல் நத்தை அப்பியிருந்தது. அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டியை அடையாளமே தெரியவில்லை. தலைமயிரை விரித்துப் போட்டது மாதிரிப் பாசி எல்லாப் பக்கமும் ஆடியது. அதற்குள் குறவையும் கெளுத்தியும் ஆராலும் சின்னக் கெண்டைகளும் பயமே இல்லாமல் போய்வந்துகொண்டிருந்தன. குடியும் குடித்தனமுமாக இருந்தது அந்த இடம். எங்கள் வீட்டைவிட அங்கே உயிர் அதிகம். எனக்குக் கோபம்தான் வந்தது. மூச்சு முட்டி மேலே வந்தேன்.

இரண்டாம் தடவை நேரே கதவுக்குப் போனேன். கதவு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. உள்ளே சிவப்பாக ஒரு கும்பல் சுழன்றது. விரால் குஞ்சுகள். தலையை நுழைத்தவுடன் தாய்மீன் வந்து என் கையில் முட்டியது. திரும்பவும் முட்டியது. குஞ்சு வைத்திருக்கிறவளோடு என்ன சண்டை என்று ஒதுங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி, கீழே அவர் பக்கத்துச் சகதிக்குள் தோள்வரை கையை விட்டேன். கிணற்றில் செம்பு தேடுகிற பழக்கம், விரல்கள் தாமாகவே தடவின. குச்சி மாதிரி ஒன்று பட்டது. குச்சி இல்லை. அதற்குப் பக்கத்தில் வளைந்து நெளிந்து ஒரு சங்கிலி. இழுத்தேன், வந்துவிட்டது.

மேலே வரும்போது அதைப் பல்லில் கடித்திருந்தேன். தெப்பத்தில் அண்ணன் பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "ஏட்டி, அத்த கிட்ட லாரிக்கு வெளிய கெடந்துச்சுன்னு சொல்லிரு" என்றான்.

ஆட்கள் இறங்கி மிச்சத்தை எடுத்தது, எரித்தது, என் தாலியை இறக்கியது எல்லாம் பிறகு நடந்தவை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் மறக்காதது அன்றைக்குக் கரையில் நடந்தது.

அத்தை எழுந்து நின்றிருந்தாள். அரைஞாணை வாங்கி முந்தானையால் துடைத்தாள். கறுத்துப் போயிருந்தது. ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடி விரலை வைத்தாள். எங்கே கிடந்தது என்று அவள் கேட்கவே இல்லை. நான் எங்கே இருந்து வந்தேன் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

பிறகு குத்தவைத்து உட்கார்ந்து தொண்டைக்குள் விரலை விட்டாள். ஓங்கரித்தாள். தண்ணீர்தான் வந்தது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் தண்ணீர். நாலு வருஷம் தின்றது ஒரு விரலுக்கு வருமா? நான் ஈர நிஜாரோடு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். அதே சோற்றை நானும் தின்றவள். ஆனால் எனக்கு விரலை விடத் தோன்றவில்லை. அவரில் என்னிடம் மிச்சம் இருந்தது என் வயிற்றுக்குள் போனது மட்டும்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. பைத்தியக்கார நினைப்புதான்.

ஓலைக்கூடைக்குள் விரால் துள்ளியது. தண்ணீருக்கு வெளியே விரால் லேசில் சாகாது. அத்தை கூடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அதத் தண்ணில விட்டுருட்டி. மெதுவா."

இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போனேன். கையில் கனமாக, வழுவழுவென்று இருந்தது. நாலு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. இனித் திட்டவேண்டியதில்லை என்று சத்தம்போட்டு அழுதேன். கையைத் தளர்த்தியதும் மீன் ஒரு தடவை வாலை அடித்துவிட்டு, லாரி கிடந்த பக்கமாகவே போயிற்று.