அடுத்த வசனம் எனக்குத் தெரியும்

நாடகத்தில் பிராம்ப்டர் வேலை என்பது, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டே ஒன்றும் தெரியாதவள் மாதிரி பக்கத்துத் திரைக்குப் பின்னால் நிற்பது. வசனப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையில் யாராவது திருதிருவென்று விழித்தால், அடுத்த வார்த்தையை அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி எடுத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த புது மருமகளுக்கோ, ஆபீசுக்கு வந்த புது கிளார்க்குக்கோ சொல்லிக்கொடுக்கப் போய், எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நாக்கைக் கடித்துக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நமக்கெல்லாம் ஒரே வியாதிதான்.

குரல் கேட்டு வந்த உத்தியோகம்

எழுபதுகளின் ஆரம்பத்தில் நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் போட்டுத் தருகிற டிரங்க் கால் ஆபரேட்டர். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்த வரதன் சார் பகலில் பேங்கில் வேலை பார்த்தார். சாயங்காலமானால் நாடகம் எழுதி, டைரக்ட் செய்து, ஒரு அமெச்சூர் குழுவை நடத்தினார். அவருடைய பழைய பிராம்ப்டருக்கு வெண்கலத் தொண்டை. மேடையில் தொங்கும் மைக் அவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ஒருநாள் திருச்சிக்கு டிரங்க் கால் புக் பண்ணிய வரதன் சார், லைனில் என் குரலைக் கேட்டார். மறுநாளே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார்.

அபிராமபுரத்தில் ஒரு மாடியில் ரிகர்சல். வரதன் சாரின் சட்டம் ஒன்றே ஒன்று. புதிதாக நடிக்க வருகிறவருக்கு அவருடைய வசனம் மட்டும்தான் கிடைக்கும், முழுக்கதை கிடைக்காது. பாத்திரத்துக்குத் தெரியாதது நடிகருக்கும் தெரியக் கூடாது; தானாகக் கண்டுபிடித்தால்தான் முகத்தில் வரும் என்பார். "அவா வந்து என்னைக் கேட்டா?" என்றேன். "டிரங்க் கால்ல ரெண்டு பக்கமும் பேசறதைக் கேட்டுண்டுதானே இருக்கேள், யார்கிட்டயாவது போய்ச் சொல்றேளோ? இதையும் அப்படியே வெச்சுக்கோங்கோ."

ரவா தோசைக்கு மயங்காதது

அடையாறிலிருந்து வந்தவர் சுப்பிரமணி. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மேடைக்குப் புதுசு. ஒரு துப்பறியும் நாடகத்தில் தம்பி வேஷம். கொலைப்பழி விழுந்த அண்ணனைக் காப்பாற்ற வீடு வீடாக ஓடுகிற தம்பி. கொன்றது அண்ணனேதான் என்பது கடைசிக் காட்சியில் வரும். அந்தக் காட்சியை மட்டும் அவருக்குக் கொடுக்கவில்லை.

மனிதர் என்னைத் துளைத்து எடுத்துவிட்டார். லஸ்ஸில் ஒரு ஓட்டலுக்கு எங்கள் கோஷ்டியையே கூட்டிப் போய், எனக்கு மட்டும் ரவா தோசைக்கு மேல் ஒரு பாதாம் அல்வாவும் வாங்கித் தந்து, "யாருக்கா கொலைகாரன்?" என்றார். அல்வாவைச் சாப்பிட்டுவிட்டு, "இன்ஸ்பெக்டர் பேசறப்போ தரையைப் பார்க்காதீங்க, அண்ணனைப் பாருங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். பாருங்கள், அவ்வளவுதான் என்று எழுந்துவிட்டேன்.

கடைசி ரிகர்சலில்தான் அந்தக் காட்சியின் பக்கங்களைக் கொடுத்தார்கள். அண்ணனாக நடித்த ராமமூர்த்தி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தம்பி கத்திக் கதற வேண்டிய நீள வசனம் அடுத்தது. சுப்பிரமணி கத்தவில்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வசனம் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். வரதன் சார் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த நீள வசனத்தை அங்கேயே அடித்துவிட்டார். படியிறங்கும்போது சுப்பிரமணி என்னிடம் சொன்னார்: "நான் நிஜமாவே அவரை நம்பிட்டேன்கா. இப்ப அவரோட ஒரே பஸ்ல வேற போகணும்."

போலீஸ் கேட்ட கேள்வி

எங்கள் லைட் வேலையெல்லாம் சிந்தாதிரிப்பேட்டை ஏழுமலைதான் பார்ப்பார். தி. நகரில் ஒரு நாடகத்தன்று, கான்ஸ்டபிளாக நடிப்பவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். யூனிபாரம் ஏழுமலைக்குச் சரியாக இருந்தது. நகைப்பெட்டியோடு ஓடிவரும் திருடனைப் பிடித்து, "நட ஸ்டேஷனுக்கு" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் எதையும் சொல்லிக் குழப்பாதீர்கள் என்று எனக்கு உத்தரவு.

ஏழுமலை வந்தார். திருடனாக நடித்த காலேஜ் லெக்சரரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, எந்த ஏரியா நீ? கையில இன்னா கீது?" என்றார். லெக்சரர் என்னைப் பார்த்தார். பிரதியில் இதெல்லாம் இல்லையே, நான் எதை எடுத்துக் கொடுப்பது? "பொட்டியைத் தொற" என்றார் ஏழுமலை. திறந்தால் பெட்டி காலி. திறந்து காட்டுகிற காட்சியே கிடையாது என்பதால் உள்ளே யாரும் ஒன்றும் வைக்கவில்லை. "அப்ப இன்னாத்துக்கு ஓடிக்கினு இருந்த? வூட்டுக்குப் போ" என்று திருடனை விட்டுவிட்டார்.

அடுத்த காட்சி போலீஸ் ஸ்டேஷன். திருடன் இல்லாவிட்டால் நாடகமே இல்லை. "நீங்களாவே போங்க சார்" என்று லெக்சரருக்குக் கிசுகிசுத்தேன். பாவம், அவர் ஏழுமலையின் கையைப் பிடித்து, "மனசாட்சி உறுத்துதுங்க, என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். ஹாலில் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. உள்ளே வந்ததும் வரதன் சார் ஏழுமலை மேல் பாய்ந்தார். ஏழுமலை தொப்பியைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்: "பொட்டி காலியா கீதுன்னு கண்ணால பார்த்துக்கினு எப்டிக்கா இட்டுக்கினு போறது? பாவம் இல்ல?"

போறேன்

செண்பகம் ஸ்கூல் டீச்சர். அவள் அப்பா சங்கரலிங்கம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். மகள் மேடையேறுவதில் அவருக்கு இஷ்டமில்லை. எத்தனையோ மன்றாடிய பிறகு, "ஒரு நாடகம் பாக்கேன், பிடிக்கலைன்னா அதோட சரி" என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டே போகிற மகள் வேஷம் அவளுக்கு. "அப்பா, நான் போறேன்" என்பதுதான் கடைசி வசனம். ரிகர்சலில் அவள் அதைச் சந்தைக்குப் போகிற மாதிரி சொல்லிவிட்டு நிற்பாள். "எப்படிச் சொல்லணும்கா, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்று என்னிடம் வந்தாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. சொல்லிக் காட்டினால் அவள் என்னைத்தான் நடிப்பாள். "நான் எங்க வீட்டை விட்டுப் போனதே இல்லையே செண்பகம், எனக்கென்ன தெரியும்?" என்று தட்டிக் கழித்தேன். அவள் முகம் வாடிவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கும் மனசு சரியில்லை.

நாடகத்தன்று சங்கரலிங்கம் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிக் காட்சி. மேடை அப்பா முதுகைக் காட்டி நிற்கிறார். செண்பகம் பெட்டியோடு வாசலில் நின்றாள். வசனம் வரவில்லை. "அப்பா, நான் போறேன்" என்று எடுத்துக் கொடுத்தேன். தலை லேசாகச் சாய்ந்தது, காதில் விழுந்திருக்கிறது. மறுபடியும் கொடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை, முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கத்துத் திரையிலிருந்து வரதன் சார், இன்னும் உரக்க, உரக்க என்று கையை ஆட்டினார். உரக்கச் சொன்னால் மைக் பிடித்துவிடும், இந்தப் பெண்ணின் மேடை வாழ்க்கை அத்தோடு முடிந்தது. சொல்லாவிட்டாலும் முடியலாம். அவள் மறக்கவில்லை என்று மட்டும் தோன்றியது. பிரதியை மூடிவிட்டேன்.

செண்பகம் பெட்டியைக் கீழே வைத்தாள். "போயிட்டு வரேன்ப்பா" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வரமாட்டாள் என்பது ஹாலில் எல்லாருக்கும் தெரியும். முதுகைக் காட்டி நின்ற மேடை அப்பா, பிரதியில் இல்லாதபடி, திரும்பி வாசலைப் பார்த்தார். திரை விழுந்தது.

சங்கரலிங்கம் நேராக உள்ளே வந்தார். செண்பகம் மேக்கப் அறையில் போய் ஒளிந்துகொண்டாள். "வசனம் எடுத்துக் குடுக்கது நீங்கதானா? புஸ்தகத்துல அப்படியா எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார். இல்லை, 'போறேன்' என்றுதான் இருக்கிறது என்றேன். மேக்கப் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "எம்மவ வாசப்படியில நின்னு போறேன்னு சொல்ல மாட்டாம்மா, அப்படி வளக்கல. அடுத்த நாடகத்துக்காவது வசனத்தைப் பாத்து எழுதச் சொல்லுங்க."

நானே மேடையேறியது

ஒரே ஒரு தடவை, அம்மா வேஷத்துக்கு ஆள் வராமல் நானே நடித்தேன். யுத்தத்தில் இறந்துபோனதாக நினைத்த மகன் திடீரென்று கதவைத் தட்டுகிற காட்சி. நாடகம் முழுக்க எனக்கு மனப்பாடம் என்பதால் யாருக்கும் கவலையில்லை. எனக்கும்தான். அவன் வரப்போகிறான் என்ற சந்தோஷத்தில், தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டேன். மகனாக நடித்தவர் தட்டுவதற்கு ஓங்கிய கையோடு நின்றார். அதற்குள் ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேஜையைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. உள்ளே வந்ததும் வரதன் சார் கோபிக்கக்கூட இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்: "பங்கஜம், பிள்ளை செத்துட்டான்னு நினைச்சுண்டிருக்கற அம்மா ரெண்டு டம்ளர்ல காபி ஆத்தி வெச்சுண்டு உக்காந்திருக்கப்படாது."

அத்தனை வருஷத்தில் நான் எடுத்துக் கொடுத்த வசனங்களை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டவற்றுக்காகத்தான் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.